திரைக்கதை எழுத வந்தவன் பூம் பிடித்த கதை

திரைப்படக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம் நான் எழுதிக் கொடுத்த திரைக்கதை ஐந்து பக்கம். ஒரு வாரம் கழித்து அது கைக்குத் திரும்பி வந்தபோது பாதிக்கு மேற்பட்ட வரிகளின் அடியில் பென்சில் கோடு விழுந்திருந்தது. நன்று என்றோ பிழை என்றோ ஆசிரியர் எங்கும் எழுதவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: “கோடிட்ட வரிகளைக் கேமரா எப்படிப் பார்க்கும்?”

அந்த வரிகளில் ஒன்று இன்றும் நினைவில் இருக்கிறது. “பத்து ஆண்டுகளாகத் தந்தையிடம் பேசாமல் இருந்த குற்ற உணர்வு அவனை அரித்துக்கொண்டிருந்தது.” சிறுகதையில் அப்படி எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். திரையிலோ, ஒருவன் ஒரு கதவின் முன் நிற்பது மட்டுமே தெரியும். பத்து ஆண்டுகளும் தெரியாது, பேசாமையும் தெரியாது, குற்ற உணர்வும் தெரியாது. கல்லூரிக்கு வருவதற்கு முன் சில ஆண்டுகளாகச் சிறுகதை எழுதிக்கொண்டிருந்த நான், திரைக்கதை என்பது அதே கதையை வசனத்தோடு பிரித்து எழுதுவதுதான் என்று நம்பியிருந்தேன். அந்த ஒரு வரியை மட்டும் ஏழு முறை திருத்தினேன். ஏழாவது முறையில், வந்தவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய சாவியை எடுத்துப் பூட்டில் நுழைக்கிறான், அது பொருந்தவில்லை, பூட்டு புதியது என்பதை அப்போதுதான் கவனிக்கிறான், சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு அழைப்பு மணியை அழுத்துகிறான், கதவைத் திறக்கும் முதியவர் “யாரைப் பார்க்கணும்?” என்கிறார். ஆசிரியர் அதைப் படித்துவிட்டு எதுவும் சொல்லாமல் அடுத்த தாளை எடுத்தார். அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

திரைக்கதையின் வடிவ விதிகளை நாங்கள் இரண்டு வகுப்புகளில் கற்றுவிட்டோம். காட்சித் தலைப்பில் உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா என்று குறிக்க வேண்டும். செயல்களை நிகழ்காலத்தில் எழுத வேண்டும். காண்பதையும் கேட்பதையும் மட்டுமே எழுத வேண்டும். ஆங்கிலத் திரைக்கதைகள் கூரியர் என்னும் எழுத்துருவில் 12 புள்ளி அளவில் இருப்பதற்குக் காரணம் அழகு அன்று. அதில் எல்லா எழுத்துகளும் ஒரே அகலம் என்பதால் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்று கணக்கிட முடிகிறது. தமிழில் எழுதும்போது அந்தக் கணக்கு அப்படியே பொருந்துவதில்லை. எழுத்துருவும் சொற்களின் நீளமும் வேறாக இருப்பதால், நாம் எழுதிய பத்துப் பக்கத்தை நண்பர்கள் நடித்தபடி வாசிக்கக் கேட்டு, கடிகாரத்தைப் பார்த்து, நமக்குரிய விகிதத்தை நாமே கண்டறிய வேண்டும். என் பக்கம் ஒன்று ஒன்றேகால் நிமிடம் ஓடியது. வடிவத்தைப் பற்றி இதற்கு மேல் மாதக்கணக்கில் விவாதிப்பவர்கள் பெரும்பாலும் எழுதாமல் இருப்பதற்கு வழி தேடுபவர்கள் என்பது என் எண்ணம். நானும் சில வாரங்கள் அப்படி இருந்திருக்கிறேன்.

வடிவத்தைவிடப் பயன்பட்டது வேறொரு பயிற்சி. ஏதாவது ஒரு படத்தின் இரண்டு நிமிடக் காட்சியை ஒலியை முற்றிலும் அணைத்துவிட்டுப் பார்த்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் திரைக்கதையாக எழுத வேண்டும். பிறகு திரையை மூடிவிட்டு, அதே காட்சியைக் காதால் மட்டும் கேட்டு இரண்டாவது முறை எழுத வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்தச் செய்தியைப் படம் சுமக்கிறது, எதை ஒலி சுமக்கிறது, எதை இரண்டும் சேர்ந்து தேவையில்லாமல் இரு முறை சொல்கின்றன என்பது தெரியும். ஒரு பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒரு காட்சியை இப்படிப் பிரித்தேன். கல்லூரியில் சேராதவர்களும் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய பயிற்சி இது, செலவும் இல்லை.

முதல் ஆண்டின் இறுதியில் ஒவ்வொரு மாணவருக்கும் 16 மி.மீ. படச்சுருள் ஒன்று கொடுத்தார்கள். அதன் நீளம் 100 அடி. விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள், என்ற வேகத்தில் ஓடினால் இரண்டே முக்கால் நிமிடத்தில் அது தீர்ந்துவிடும். டிஜிட்டல் கேமரா எல்லார் கையிலும் இருக்கும் காலத்தில் இது எதற்கு என்று நாங்கள் முணுமுணுத்தோம். சுருளை ஏற்றிய பிறகுதான் எதற்கு என்று புரிந்தது. கேமராவுக்குள் படம் ஓடும் சத்தம் கேட்கிறது. ஒவ்வொரு விநாடியும் திரும்பி வராமல் போகிறது. அதுவரை ‘முதலில் எடுத்துவிடுவோம், எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்’ என்றிருந்தவர்கள், ஒரு ஷாட்டுக்கு நான்கு முறை ஒத்திகை பார்த்தார்கள். ஏழு ஷாட்டுகளை நானே படம் வரைந்து திட்டமிட்டு, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி என்று குறித்துக்கொண்டு போனேன். நான்காவது ஷாட்டில் நடிகர் தயங்கி நின்றதால் ஒன்பது விநாடி வீணாகி, ஏழாவதை எடுக்கவே முடியவில்லை. கடைசி ஷாட் இல்லாமலே படத்தைத் தொகுத்தபோது, அந்த ஷாட் தேவையே இல்லாமல் இருந்தது தெரிந்தது. இப்போது டிஜிட்டலில் எடுத்தாலும், ஒரு காட்சிக்கு இத்தனை டேக்தான் என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்கிறேன்.

படச்சுருள் பற்றாக்குறையிலிருந்தே ஒரு பாடத்திட்டம் பிறந்த கதையை அந்த நாட்களில்தான் வகுப்பில் கேட்டோம். 1919இல் மாஸ்கோவில் அரசுத் திரைப்படப் பள்ளி தொடங்கியபோது அங்கே புதிய படச்சுருள் கிடைப்பது அரிதாக இருந்தது. அங்கே கற்பித்த லெவ் குலெஷோவும் அவருடைய மாணவர்களும் சுருளே இல்லாமல் மேடையில் ‘படங்களை’ நிகழ்த்திப் பழகினார்கள்; ஏற்கெனவே இருந்த படங்களை வெட்டி வேறு வரிசையில் ஒட்டிப் பார்த்தார்கள். நடிகர் மொசுகினின் உணர்ச்சி காட்டாத முகத்தை ஒரு கிண்ண சூப், சவப்பெட்டி, ஒரு பெண் ஆகியவற்றுக்கு அடுத்தடுத்து வைத்தபோது, பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டார்கள் என்பது புகழ்பெற்ற கதை. அந்தச் சோதனைச் சுருள் இன்று இல்லை. அதில் என்னென்ன ஷாட்டுகள் இருந்தன என்பதும் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. எனவே நாங்களே செய்து பார்த்தோம். வகுப்புத் தோழர் ஒருவரை எதையும் நினைக்காமல் கேமராவின் ஓரத்தைப் பார்க்கச் சொல்லி இருபது விநாடி எடுத்தோம். பிறகு ஒரு வெற்று நாற்காலி, ஒரு தேர்வு முடிவுப் பட்டியல், ஓடி விளையாடும் குழந்தை ஆகியவற்றை இடையில் வைத்து மூன்று விதமாகத் தொகுத்தோம். வேறு துறை மாணவர்களிடம் காட்டியபோது, நாற்காலிக்கு அடுத்து வந்த முகத்தைப் பார்த்த ஒருவர் “யாரோ இறந்துபோயிருக்கிறார்கள், இல்லையா?” என்று கேட்டார். எங்கள் தோழர் அந்த நேரத்தில் தன் கால் மரத்துப்போனதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

எழுதுபவனுக்கு இதில் ஒரு பாடம் இருந்தது. ‘அவர் முகத்தில் சோகம் படர்கிறது’ என்று நான் எழுத வேண்டியதில்லை. அவர் எதைப் பார்க்கிறார் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் இதைச் சொன்னவுடன் ஏற்றுக்கொள்ளும் மனநிலை எனக்கு இருக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் நான் இயக்கிய முதல் குறும்படம் வசனத்தால் நிரம்பி வழிந்தது. அந்தப் படத்தில்தான் என் பெரிய தோல்வியும் நடந்தது; தோல்விக்குக் காரணம் வசனம் அன்று, ஒலி.

ஒரு சமையலறை, இரண்டு பேர், எட்டு நிமிட உரையாடல். ஒளியமைக்க இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டோம். ஒலிக்கு என்று தனியாக ஒரு நிமிடமும் ஒதுக்கவில்லை. நீண்ட கோலின் முனையில் பொருத்திய பூம் மைக்கைப் பிடித்த தோழரிடம் ஹெட்போன் இருந்தது. ஆனால் அதைக் காதில் மாட்டுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றார். அடுத்த அறையில் ஒரு குளிர்சாதனம் தானாக ஓடித் தானாக நின்றுகொண்டிருந்தது. நம் காது அத்தகைய ஓசைக்கு ஓரிரு நிமிடங்களில் பழகி, பிறகு அதை ஒதுக்கிவிடும். மைக் எதையும் ஒதுக்குவதில்லை. எடிட்டிங் அறையில் போட்டுக் கேட்டபோது, அவள் பேசும் ஷாட்டில் இரைச்சல் இருந்தது, அவன் பதில் சொல்லும் ஷாட்டில் இல்லை. ஒவ்வொரு வெட்டிலும் அந்த இரைச்சல் விளக்கைப் போட்டு அணைப்பதுபோல வந்து வந்து போயிற்று. படத்தில் வெட்டு இருப்பதையே பார்வையாளர் உணரக்கூடாது என்று ஷாட்டுகளை அவ்வளவு கவனமாக எடுத்திருந்தோம். ஒலி ஒவ்வொரு வெட்டையும் விரல் நீட்டிக் காட்டியது.

அந்த அறையின் வெற்று ஓசை ஒரு நிமிடம் தனியாகப் பதிவாகியிருந்தால் அதை அடியில் பரப்பி ஓரளவு மூடியிருக்கலாம். அதையும் நாங்கள் எடுக்கவில்லை. வசனங்களுக்கு இடையே கிடந்த அரை விநாடி மௌனங்களைப் பொறுக்கி ஒட்டி மூன்று இரவுகள் போராடினேன். இறுதியில் முழுப் படத்துக்கும் டப்பிங் செய்தோம். உதடுகள் பொருந்தின. ஆனால் படப்பிடிப்பின்போது அந்த நடிகை ஒரு வரியை ஏறக்குறைய மூச்சாகவே சொல்லியிருந்தார். ஒலிப்பதிவு அறையில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று எத்தனை முறை சொன்னாலும் அந்தக் குரல் மறுபடி வரவில்லை.

அன்று முதல் படப்பிடிப்புக்குச் செல்லும் இடத்தில் நான் முதலில் செய்வது, நடுவில் நின்று கண்ணை மூடி இரண்டு நிமிடம் கேட்பது. மின்விசிறி, குளிர்சாதனம், குளிர்பதனப் பெட்டி ஆகிய எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். பெட்டியை மறுபடி இயக்க மறந்துவிடாமல் இருக்க, வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம். சாவி இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது அல்லவா? படத்தின் சட்டகத்துக்குள் தெரியாத அளவுக்கு மைக்கை நடிகரின் வாய்க்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவர முடியுமோ அவ்வளவு நெருக்கமாகப் பிடிக்க வேண்டும். மிக உரத்த இடங்களும் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்குமாறு பதிவுக் கருவியின் அளவை வைத்தால், திடீரென்று ஒருவர் கத்தினாலும் ஒலி சிதையாது. கேமராவில் இருக்கும் மைக்கின் பதிவு, தனியாகப் பதிவான ஒலியோடு படத்தைப் பொருத்துவதற்கு மட்டுமே உதவும். கிளாப் பலகை எதற்கு என்றால் அதுவும் இதற்காகத்தான்: பலகை மூடும் ஃபிரேமும் அந்தச் சத்தமும் ஒன்றாக வந்தால் மற்றவையெல்லாம் தாமே பொருந்தும். ஒரு இடத்தை விட்டுக் கிளம்பும் முன் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் வெற்று ஓசையைப் பதிவுசெய்ய வேண்டும். களைத்துப்போன குழு அந்த ஒரு நிமிடத்துக்கு உங்களை மனத்துக்குள் திட்டும். திட்டட்டும்.

அந்தத் தோல்விக்குப் பரிகாரமாக அடுத்த பருவத்தில் நான்கு தோழர்களின் படங்களுக்கு நானே பூம் பிடித்தேன். கையை உயர்த்தி நீண்ட கோலைப் பிடித்தபடி ஐந்து நிமிடம் நிற்பது உடலுக்கு என்ன செய்யும் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் திரைக்கதை எழுதுவதில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பயிற்சி எதுவென்று கேட்டால், எழுத்து வகுப்புகளைச் சொல்ல மாட்டேன். அந்தப் பூம் கோலைத்தான் சொல்வேன். பூம் பிடிப்பவர் அடுத்துப் பேசப்போவது யார் என்று முன்கூட்டியே அறிந்து மைக்கைத் திருப்ப வேண்டும். ஆகவே முழு வசனத்தையும் நடிகர்களைப் போலவே மனப்பாடம் செய்திருக்க வேண்டும். அப்படி மனப்பாடம் செய்யும்போது எந்த வரி நாவில் நிற்கிறது, எது நழுவுகிறது என்று தெரிந்துவிடும். ஹெட்போனில் நடிகரின் மூச்சு கேட்கும். எழுதியவர் காற்புள்ளி வைத்து நீட்டிய வரியின் நடுவில் நடிகருக்குக் காற்று தீர்ந்துபோவது கேட்கும். கதாபாத்திரத்தின் கடந்த காலத்தை விளக்குவதற்காக எழுதப்பட்ட வரியைச் சொல்லும்போது, நல்ல நடிகரின் குரலும் செய்தி வாசிப்பவரின் குரலாக மாறுவது அவ்வளவு நெருக்கத்தில் தெளிவாகக் கேட்கும். அந்த நான்கு படங்களுக்குப் பிறகு நான் எழுதிய வசனங்களின் நீளம் பாதியாகக் குறைந்தது. யாரும் சொல்லிக் குறைக்கவில்லை.

கேமராவின் பக்கம் நான் செய்த பிழைகள் எல்லா மாணவரும் செய்பவைதான். எதிரெதிரே அமர்ந்து பேசும் இருவருக்கு இடையே ஒரு கற்பனைக் கோடு இருக்கிறது. கேமரா அதன் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோலத் தோன்றும். வகுப்பில் இதைக் கேட்டபோது மிக எளிதாக இருந்தது. இடம் மாறி, விளக்கு மாறி, மூன்று மணி நேரம் கழித்து இரண்டாவது நடிகரின் ஷாட்டை எடுக்கும்போது கோடு எங்கே இருந்தது என்று மறந்துபோகும். அறையின் வரைபடத்தை மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு தாளில் வரைந்து கேமராவின் இடங்களைக் குறித்துவைத்தால் இந்தத் தவறு வராது. ஒளியின் நிறத்தை அளக்கும் அளவில் ஜன்னல் வெளிச்சம் சுமார் 5600 கெல்வின், மஞ்சள் விளக்கு சுமார் 3200 கெல்வின் என்பதால் இரண்டும் கலந்த அறையில் முகத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறு பாதி ஆரஞ்சாகவும் வரும் என்பதையும் இப்படி ஒரு முறை கெடுத்துத்தான் கற்றேன்.

பிறர் படங்களில் உதவி இயக்குநராக வேலை செய்தது இன்னொரு கண்திறப்பு. திரைக்கதையின் ஒவ்வொரு காட்சியையும் பிரித்து, அதற்கு எந்த நடிகர், எந்தப் பொருள், எந்த உடை, எந்த ஒலி வேண்டும் என்று பட்டியலிடுவது அந்த வேலையின் முதல் பகுதி. ஒரு பக்கத்தை எட்டாகப் பிரித்து, இந்தக் காட்சி எட்டில் மூன்று, அந்தக் காட்சி ஒன்றே எட்டில் இரண்டு என்று அளந்து நாள்வாரியாக அடுக்குவார்கள். அதில் ஒரு படத்துக்குத் திரைக்கதையும் நான்தான். ‘வெளியே மழை பெய்கிறது’ என்று ஒரு காட்சியின் தொடக்கத்தில் எழுதியிருந்தேன். எதற்கு என்று எனக்கே நினைவில்லை. சூழல் நன்றாக இருக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும். எட்டில் ஒரு பங்குகூட இல்லாத அந்த மூன்று சொற்களுக்காக ஒரு தோழர் நான்கு மணி நேரம் ஏணியில் நின்று குழாயைப் பிடித்தார். தண்ணீர் ஜன்னலில் விழும் சத்தத்தால் வசனம் கேட்கவில்லை. ஈரமான தரையில் மின்கம்பிகள் கிடந்ததால் பாதி விளக்குகளை அணைத்தோம். அதிகாலை மூன்று மணிக்கு ஏணியிலிருந்து இறங்கியவர் என்னிடம், “இந்த மழை கதைக்கு என்னப்பா செய்யுது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று முதல், இரவு, மழை, கூட்டம், குழந்தை, விலங்கு, ஓடும் வாகனம் ஆகிய ஆறு சொற்களில் ஏதாவது ஒன்றை எழுதும்போது, அது இல்லாவிட்டால் காட்சி உடைந்துவிடுமா என்று கேட்டுக்கொள்கிறேன். உடையும் என்றால் தயக்கமின்றி எழுதுகிறேன். இயக்குநர் அதற்கான வழியைக் கண்டுபிடிக்கட்டும்.

மூன்றாம் ஆண்டின் பட்டயப் படம்தான் இவை அனைத்தும் ஒன்றாக மோதிய இடம். சகோதரிகள் இருவர், விற்கப்படவிருக்கும் ஒரு வீடு. நடுவில் மூன்று பக்கம் நீளும் ஒரு வாக்குவாதம். என் எழுத்தில் அதைவிடச் சிறந்தது இல்லை என்று அப்போது நம்பினேன். எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டிய முதல் தொகுப்பு 19 நிமிடம் ஓடியது. கல்லூரி அனுமதித்தது 12. படத்தொகுப்பாளரான தோழி இரண்டு நாட்கள் என்னை அறைக்குள் விடவில்லை. மூன்றாம் நாள் காட்டியபோது, வாக்குவாதத்தின் முதல் மூன்று வரிகள் மட்டும் இருந்தன. அதன் பிறகு அக்கா அளவுநாடாவைச் சுவரில் நீட்டிப் பிடிக்கிறாள். அதன் மறுமுனையைப் பிடிக்க வேண்டிய தங்கை பிடிக்காமல் நிற்கிறாள். நாடா தானாகச் சுருண்டு சடக்கென்று பெட்டிக்குள் போகிறது. அவ்வளவுதான். அந்த ஷாட்டை நான் வாக்குவாதத்துக்கு முன்னால் வரும் சாதாரண இணைப்பாக எடுத்திருந்தேன்.

எனக்குக் கடுமையான கோபம் வந்தது. இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார்: இரண்டு வடிவங்களையும் படத்தைப் பற்றி எதுவும் தெரியாத முதலாண்டு மாணவர்களுக்குக் காட்டுவோம், நீ திரையைப் பார்க்காதே, அவர்களைப் பார். அப்படியே அறையின் முன்வரிசை ஓரத்தில், திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். நீண்ட வடிவத்தில், வாக்குவாதத்தின் இரண்டாவது பக்கம் தொடங்கும் இடத்தில் ஒருவர் கால் மாற்றிப் போட்டார். அடுத்து ஒருவர் நாற்காலியில் சாய்ந்தார். மூன்றாவது பக்கத்தில் ஐந்தாறு பேர் அசைந்துவிட்டார்கள். வேறொரு குழுவுக்குக் குறுகிய வடிவத்தைக் காட்டியபோது நாடா சுருளும் சத்தத்தில் எல்லார் முகமும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. படம் முடிந்த பின் கேட்ட கருத்துகளைவிட இந்த உடல் அசைவுகள் நம்பத்தகுந்தவையாக இருந்தன, ஏனென்றால் பின்னர் பேசியபோது நீண்ட வடிவத்தைப் பார்த்தவர்களும் ‘அந்தச் சண்டைக் காட்சி நன்றாக இருந்தது’ என்றுதான் மரியாதையாகச் சொன்னார்கள்.

காட்சிக்குள் தாமதமாக நுழைந்து சீக்கிரமாக வெளியேற வேண்டும் என்று எல்லாத் திரைக்கதை வகுப்பிலும் சொல்வார்கள். நானும் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தேன். எடிட்டிங் மென்பொருளில் ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் ஒரு ஷாட்டின் தலையையும் வாலையும் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டே போய், எந்த ஃபிரேமில் காட்சி திடீரென்று உயிர் பெறுகிறது என்று கையால் உணர்ந்த பிறகே அதற்குப் பொருள் கிடைத்தது. எனவே எழுத்தை மட்டும் முதன்மைப் பாடமாக எடுத்திருக்கும் மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது, ஒரு படத்தையாவது முழுமையாகத் தாமே தொகுக்க வேண்டும் என்பதே. அது சொந்தப் படமாக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. பிறர் எழுதிய வரிகளை வெட்டும்போது கை நடுங்காது.

திரைக்கதைகளை ஒருவர் மாற்றி ஒருவர் படித்து விவாதிக்கும் வகுப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அவை எனக்குத் துன்பமாக இருந்தன. பிறர் பேசும்போதே என் மனம் பதில் தயாரித்துக்கொண்டிருக்கும். ‘அது ஏன் என்றால்’ என்று நான் தொடங்கிய ஒவ்வொரு விளக்கமும் தாளில் இல்லாத ஒன்று என்பதை உணர எனக்கு ஓராண்டு ஆயிற்று. பிறகு ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்: கருத்துச் சொல்வதற்கு முன், நீங்கள் படித்த கதையை நான்கு வரியில் திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்பேன். அவர்கள் சொல்லும் கதையும் நான் எழுதியதாக நினைக்கும் கதையும் எந்த இடத்தில் பிரிகின்றனவோ, அந்த இடத்தில்தான் வேலை இருக்கும். எப்படி மாற்ற வேண்டும் என்று அவர்கள் சொல்லும் வழிகளைக் குறித்துவைத்துக்கொள்வேன். பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை, ஏனென்றால் ஒவ்வொருவரும் தான் எழுத விரும்பும் படத்தை நோக்கியே என் கதையை இழுப்பார்கள்.

சில நடைமுறைச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதிவான கோப்புகளுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வேறுவகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். மெமரி கார்டை அழிப்பதற்கு முன் பிரதிகளைத் திறந்து பார்க்க வேண்டும். பிடித்த பாடலைத் தற்காலிகமாக வைத்துத் தொகுக்காதீர்கள். உரிமை கிடைக்காமல் அதை எடுக்கும் நாளில் படத்தின் தாளம் முழுவதும் கெடும், அதற்குள் வேறெந்த இசையும் காதுக்குப் பிடிக்காமல் போயிருக்கும். நடித்தவர்களிடமும் இடம் கொடுத்தவர்களிடமும் எழுத்து ஒப்புதலைப் படப்பிடிப்பு அன்றே வாங்க வேண்டும். விழாக்களுக்கு அனுப்பும்போது தேடிப்போவது எளிதன்று. காப்புரிமை, கதையின் வெறும் கருவுக்குக் கிடையாது. எழுதிய வடிவத்துக்கே உண்டு. ஆகவே கருவைச் சொல்லிக்கொண்டு திரியாமல் எழுதித் தேதியிட்டு வைப்பது நல்லது. மாணவர் படத்தின் உரிமை யாருக்கு என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சேரும்போதே விதிகளைப் படித்துவிட வேண்டும். நான் படிக்கவில்லை, பட்டயப் படத்தை ஒரு விழாவுக்கு அனுப்ப அனுமதிக் கடிதம் வாங்கும்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கல்லூரி தேவையா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரே பதிலைச் சொல்ல என்னால் முடிவதில்லை. கேமராவை இயக்கவும் மென்பொருளைக் கையாளவும் கல்லூரி வேண்டியதில்லை. அவற்றைத் தனியாகவே கற்கலாம். பட்டயம் வேலை வாங்கித் தராது. எந்தப் படப்பிடிப்பிலும் என் சான்றிதழை யாரும் கேட்டதில்லை. தனியாகக் கற்றிருந்தால் எனக்குக் கிடைத்திருக்காதவை இரண்டு. ஒன்று, முடிக்க வேண்டிய தேதி: விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று ஆண்டுகளில் ஆறு சிறிய படங்களை முடித்துக் காட்ட வேண்டியிருந்தது. மற்றொன்று, நான் விரும்பாத வேலையில் என்னைத் தள்ளிய பாடத்திட்டம். எழுத்தாளனாக மட்டும் இருக்க விட்டிருந்தால் பூம் கோலின் பக்கமே போயிருக்க மாட்டேன். எனவே கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர்கள், அங்கே எந்த ரகக் கேமரா இருக்கிறது என்று கேட்பதற்குப் பதிலாக, ஒரு மாணவர் எத்தனை படங்களை முடிக்கிறார், எத்தனை வெவ்வேறு பொறுப்புகளில் வேலை செய்கிறார் என்று கேட்பது மேல். முடிந்தால் அங்கே படிப்பவர்களின் சுமாரான படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சிறந்த படம் அதை எடுத்தவரைப் பற்றி மட்டுமே சொல்லும். சுமாரான படங்களில்தான் கல்லூரி தெரியும்.

இப்போது நான் எழுதும் படங்களில் ஒரு நிபந்தனையை மட்டும் கேட்டுப் பெறுகிறேன்: முதல் தொகுப்பைப் பார்க்கும்போது நானும் அறையில் இருக்க வேண்டும். பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வேன், படம் முடியும் வரை பேச மாட்டேன் என்று நானே வாக்குக் கொடுப்பதால் இயக்குநர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். திரைக்கதையின் அச்சுப் பிரதியையும் ஒரு பென்சிலையும் எடுத்துப்போய், வெட்டப்பட்ட வரிகளுக்கு அடியில் கோடிடுவேன். சென்ற முறை அப்படிப் பார்த்தபோது இரண்டாம் பாதியில் ஒன்றரைப் பக்க வசனம் முழுவதும் போயிருந்தது. அந்த இடத்தில், நடிகர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் குப்புற வைப்பது மட்டும் இருந்தது. அந்தச் செயல் என் பிரதியில் எங்கும் இல்லை, ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டேன்.